சாமி இருக்கிற எடம்

3 டிசம்பர் 1949

இங்கே வந்து பத்து நாளாகிறது. நாட்குறிப்பு எழுதும் பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. பேச ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

வேலை சுங்கச் சாவடியில். ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு மேஜை, குறுக்கே கட்டிய ஒரு மூங்கில். மூங்கிலுக்கு இந்தப் பக்கம் இந்தியா. ஐம்பது அடி தள்ளி இன்னொரு மூங்கில், அதற்கு அப்பால் புதுச்சேரி, அதாவது பிரெஞ்சுக்காரன் சீமை. நடுவில் உள்ள ஐம்பது அடி யாருடையது என்று மேலதிகாரியிடம் கேட்டேன். "அதைப் பற்றி நீர் கவலைப்பட வேண்டாம், வைத்தியலிங்கம்" என்றார். அங்கே ஆடு மேய்கிறது. அதற்கும் கவலை இல்லை.

சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. நம் ரப்பர் முத்திரையில் இன்னும் கிரீடம் இருக்கிறது. புது முத்திரை வரும்வரை கிரீடத்தைப் பிளேடால் சுரண்டிவிட்டு உபயோகிக்கும்படி உத்தரவு. சுரண்டினேன். இப்போது குத்தினால் கிரீடம் இருந்த இடத்தில் ஒரு மசித்தழும்பு விழுகிறது.

என்னோடு காவலுக்கு இருப்பவன் தணிகாசலம், உள்ளூர்க்காரன். அவன் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவான். குடும்பத்தை அழைத்து வரச் சொல்லி ஒரு வீடு காட்டினான். வாசல் இந்தியாவில், கொல்லைப்புறம் பிரான்சில். "பல்லு வெளக்க மட்டும் சீமைக்குப் போய் வரலாம்" என்று சிரித்தான். வேண்டாம் என்றேன்.

வீட்டிலிருந்து கடிதம் இல்லை. ஐப்பசியில், முன்பிருந்த ஊருக்கு மனைவி எழுதிய கடைசிக் கடிதத்தில் பதினொரு எழுத்துப் பிழைகள். சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பினேன். நல்லதுக்குத்தானே செய்தேன். தபால்காரர்களுக்கு மாயவரத்திலிருந்து இங்கே வழி தெரியவில்லை போலிருக்கிறது.

9 டிசம்பர்

மழை. எதிர்ச் சாவடியில் ஒரு சிப்பாய் இருக்கிறான். சிவப்புத் தொப்பி போட்ட தமிழன்தான். பகல் முழுக்க அவன் என்னைப் பார்க்கிறான், நான் அவனைப் பார்க்கிறேன். பேசிக்கொள்ளக் கூடாது என்று இரண்டு சர்க்காரும் சொல்லியிருக்கின்றன.

16 டிசம்பர்

இன்று ஒரு நல்ல காரியம் செய்தேன்.

நாட்டில் அரிசிப் பஞ்சம். ஆகவே ஒரு படி நெல்கூட எல்லை தாண்டக்கூடாது. ஆனால் வீடு அந்தப் பக்கமும் நிலம் இந்தப் பக்கமும் இருக்கிற குடியானவர்களை என்ன செய்வது? அவர்கள் தாங்கள் விளைத்த நெல்லைக் கொண்டுபோக பெர்மிட் வாங்கலாம். நிலக்காரர் பெயரில் நான் மனு எழுதி அனுப்ப, தலைமை அலுவலகம் கையெழுத்துப் போடும்.

அப்படி ஒருத்தி வந்தாள். முப்பது வயது இருக்கும். புருஷன் புதுச்சேரி மில்லில் வேலை பார்த்தவன். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி ஆறு மாதமாகப் படுக்கை. சித்திரையில் உழுது போட்டதோடு சரி, நட்டதும் களை எடுத்ததும் இவள்தான்.

"நிலம் யார் பெயரில்?"

"எங்க வூட்டுக்காரரு பேர்லங்க."

"பெயர்?"

தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்பது இவர்கள் நம்பிக்கை. எங்கள் ஊரிலும் உண்டு. சர்க்கார் படிவத்துக்கு அது தெரியாதே.

"குறிப்பாவது காட்டம்மா."

"திருப்பதிச் சாமி இல்லீங்களா..."

"அந்தச் சாமி பெயரா?"

"சாமி பேரு இல்லீங்க. சாமி இருக்கிற எடம்."

எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "வேங்கடாசலம்!" என்றேன்.

அவள் விழித்தாள். விளக்கினேன். அசலம் என்றால் வடமொழியில் மலை. வேங்கட அசலம், வேங்கடாசலம். சாமி இருக்கிற மலை.

"அப்ப அது அவருதானுங்களா?"

"அவர்தான். சந்தேகமே வேண்டாம்."

"நீங்க படிச்சவங்க. சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

எத்தனை மூட்டை தேறும் என்றால் "ஆறும் ஒண்ணும்" என்கிறாள். "அதற்கு ஏழு என்று பெயர்" என்றேன். வெட்கப்பட்டுச் சிரிக்கிறாள். கணக்கு வராத சனம். பிறந்த ஊர் எது என்றால் "அங்காளம்மா ஊருங்க" என்கிறாள். அது மேல்மலையனூர் என்று தணிகாசலம் சொல்லித்தான் தெரிந்தது. எதையும் நேராகச் சொல்வதில்லை.

மனுவை என் அழகான கையெழுத்தில் எழுதி, அவள் பெருவிரல் ரேகையை வாங்கினேன். போகும்போது கையெடுத்துக் கும்பிட்டாள். பொங்கலுக்கு அவருக்குத் தன் நிலத்து அரிசியில் பொங்கிப் போட வேண்டுமாம். "அதத் தின்னா எந்திரிச்சிருவேன்னு சொல்றாருங்க."

வடமொழி படித்தது எதற்காவது உதவுகிறதே என்று சந்தோஷமாக இருந்தது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. தணிகாசலம் போய்விட்டான்.

27 டிசம்பர்

பெர்மிட் கையெழுத்தாகி வந்தது. வந்து வாங்கிக்கொண்டாள். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வீட்டுக்கு ஒரு கார்டு போட்டேன். இங்கே சௌக்கியம், அங்கே சௌக்கியமா. வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

5 ஜனவரி 1950

அவள் வண்டி இன்று வந்தது. ஏழு மூட்டை சம்பா நெல். நேரம் பார்த்து, தலைமை அலுவலகத்திலிருந்து சோதனை இன்ஸ்பெக்டரும் வந்திருந்தார். பெர்மிட் வைத்துக்கொண்டு கடத்துகிறார்கள் என்று எங்கும் புகார். ஊர்க் கர்ணத்திடம் வாங்கிய நிலச் சிட்டா நகல்களைக் கையில் வைத்திருந்தார்.

"பெர்மிட்டில் வேங்கடாசலம். அந்த சர்வே எண்ணில் வேங்கடாசலம் என்று யாரும் இல்லையே. நிலம் ஏழுமலை என்பவர் பெயரில் இருக்கிறது. யார் இந்த வேங்கடாசலம்?"

ஏழுமலை.

ஆறும் ஒண்ணும். அங்காளம்மா ஊர். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தது. எல்லாம் ஒரே நொடியில் என் மண்டையில் இறங்கியது. பெயரில் பாதியைக்கூட வாயால் சொல்லக்கூடாதென்று அவள் எண்ணைத் தவிர்த்திருக்கிறாள், ஊர்ப் பெயரைத் தவிர்த்திருக்கிறாள். நான் அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

"நான் இவருகிட்டத்தானுங்க சொன்னேன். அது அவருதான்னு இவருதான் சொன்னாரு" என்று அவள் என்னைக் காட்டி அழுதாள்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "என்னய்யா சொன்னாள்?"

"அவள் சொன்னதை வைத்துத்தான் எழுதினேன்" என்றேன்.

அது பொய் இல்லை.

நெல் பறிமுதல். மூட்டைகளைக் கொட்டகைக்குப் பின்னால் உள்ள தகரச் சாய்ப்பில் அடுக்கி அரக்கு முத்திரை வைத்தார்கள். பொய்ப் பெயரில் பெர்மிட் வாங்கியதாக அவள்மேல் விசாரணை. பறிமுதல் மகஜரை எழுதியதும் நான்தான். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் சொன்னார்.

7 ஜனவரி

"எங்க பக்கத்துல திருப்பதி மலைன்னா ஏழுமலைதாங்க" என்றான் தணிகாசலம். "தெருவுக்கு ரெண்டு ஏழுமலை இருப்பான். என் மச்சான் ஒருத்தன் ஏழுமலை. நீங்க சொல்ற பேரெல்லாம் கடைத்தெரு செட்டியாருங்களுக்குத்தான் இருக்கும். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்களே."

அவன் நக்கலாகச் சொன்னானா, வருத்தமாகச் சொன்னானா தெரியவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவனிடம் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அவன் படித்தது மூன்றாம் வகுப்பு.

10 ஜனவரி

ஜனவரி 31ஆம் தேதியோடு என் தகுதிகாண் காலம் முடிகிறது. அதுவரை என் பெயரில் ஒரு குறிப்பும் விழக்கூடாது. விழுந்தால் வேலை நிரந்தரமாகாது. முப்பத்திரண்டு வயதில் மறுபடி மாயவரத்துக்குப் போய் மாமனார் வீட்டில் நிற்க முடியாது. அவர் ஏற்கனவே என்னைப் பார்த்தால் செருமுவார்.

பெயர்ப் பிழை பற்றி ஓர் அறிக்கை எழுதி வைத்திருக்கிறேன். 31ஆம் தேதி கழித்து அனுப்பினால் போயிற்று. நெல் கெட்டா போகும்? விசாரணையும் அதற்குள் வரப்போவதில்லை.

அவள் தினமும் காலையில் வந்து, சாய்ப்பைப் பார்த்தபடி பூவரச மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். வீட்டில் புருஷனை நாத்தனார் பார்த்துக்கொள்கிறாளாம், தணிகாசலம் சொன்னான். எலி வந்தால் கல் விட்டெறிகிறாள். பொழுது சாயும்போது எழுந்து போகிறாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. எதிரே சிப்பாயும் என்னோடு பேசுவதில்லை. நாள் முழுக்க இரண்டு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

14 ஜனவரி

பொங்கல். தணிகாசலம் லீவு. ஊரில் எங்கே பார்த்தாலும் புகை வாசனை. நான் காலையில் உப்புமா கிண்டித் தின்றேன்.

பத்து மணிக்கு அவள் வந்தாள். மரத்தடியில் உட்காரவில்லை. நேரே மேஜைக்கு வந்து, முந்தானைக்குள்ளிருந்து ஒரு படியை எடுத்தாள்.

"ஒரு படி போதுங்க. நெல்லாவே குடுங்க, நான் குத்திக்கிறேன். ராத்திரியிலேந்து கேட்டுட்டே இருக்காரு. 'அறுத்தாச்சா, அறுத்தாச்சா'ன்னு. அறுத்தாச்சுன்னேன். 'அப்ப எங்க'ங்கிறாரு."

"அரக்கு முத்திரை வைத்த மூட்டையை நான் பிரிக்கக்கூடாதம்மா. எனக்கு அதிகாரம் இல்லை."

"ஒரு படிங்க."

"ஒரு படியும் ஒரு மூட்டையும் சட்டத்துக்கு ஒன்றுதான்."

என் ரேஷன் அரிசியை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு படி இருந்தது, எல்லாவற்றையும் எடுத்துப் போகச் சொன்னேன். அவள் அதில் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டாள்.

"இது அவரு உழுத நெல்லு இல்லீங்களே."

வெறும் படியோடு போனாள். சட்டப்படி நான் செய்தது சரி. இரண்டு தடவை சட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். சரிதான்.

மத்தியானம் சாப்பிடவில்லை. பசிக்கவில்லை.

15 ஜனவரி

அவள் வரவில்லை.

16 ஜனவரி

வரவில்லை. எலி வந்தது. நான் கல் விட்டெறிந்தேன்.

19 ஜனவரி

இன்றும் வரவில்லை. கோபமாக இருக்கும். அல்லது அவருக்கு உடம்பு தேறியிருக்கும், வயல் வேலை ஏதாவது வந்திருக்கும்.

வீட்டுக்குக் கடிதம் எழுதலாமென்று காகிதம் எடுத்தேன். பழைய கடிதத்தைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று பெட்டியைத் திறந்தபோதுதான் நினைவு வந்தது. அதைத்தான் திருத்தி அனுப்பிவிட்டேனே. மனைவியின் கையெழுத்து ஒரு வரிகூட என்னிடம் இல்லை. பிழையோடாவது இருந்திருக்கலாம்.

20 ஜனவரி

இன்று சாய்ப்புக்குள் போய்ப் பார்த்தேன். எலி ஒரு மூட்டையின் அடியைக் கடித்துக் கை அகலம் ஓட்டை போட்டிருக்கிறது. நெல் சிந்திக் கிடந்தது. அரசாங்க முத்திரை எலிக்குப் புரியவில்லை. உள்ளே புகுந்து அது வேண்டியமட்டும் தின்றிருக்கிறது. அவளுக்கு ஒரு படி கொடுக்க எனக்குத்தான் அதிகாரம் இல்லாமல் போயிற்று.

தரையில் உட்கார்ந்து சிந்தியதைப் பொறுக்கினேன். பொறுக்க முடியவில்லை. எழுந்து வந்து அறிக்கையை எடுத்தேன்.

இங்கிலீஷில் மூன்று தடவை எழுதினேன். முதல் இரண்டிலும் "தவறு நேர்ந்துவிட்டது" என்று இருந்தது, மழை பெய்துவிட்டது என்பதைப்போல. மூன்றாவதில் இப்படி எழுதினேன்: "அந்தப் பெண் சரியாகவே சொன்னாள். நான் தவறாக எழுதினேன். பறிமுதல் செய்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. என் வேலைக்குப் பயந்து இத்தனை நாள் சொல்லவில்லை. நெல்லை அவளிடம் ஒப்படைக்க வேண்டுகிறேன்."

மத்தியானத் தபாலில் சேர்த்துவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்று எழுத ஆசை. அப்படி நினைக்கவில்லை. பயமாக இருக்கிறது.

26 ஜனவரி

குடியரசு நாள். கொடி நேற்றே பார்சலில் வந்தது, கயிறு வரவில்லை. மூங்கில் கட்டும் கயிற்றையே உபயோகித்தோம். நானும் தணிகாசலமும் ஏற்றிவிட்டு நிமிர்ந்து நின்றோம். இவ்வளவு பெரிய தேசம் பிறக்கிறது, அதற்கு இந்த மூலையில் இரண்டு பேர்.

எதிர்ச் சாவடியிலிருந்து சிப்பாய் வாயைக் குவித்துக் கத்தினான். "யோவ்! கொடி தலகீழா இருக்குய்யா!"

பார்த்தால் பச்சை மேலே இருந்தது. அவசரமாக இறக்கித் திருப்பிக் கட்டினோம். அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். இரண்டு மாதத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இது.

தணிகாசலத்துக்கு வெல்லம் கொடுத்தேன். பூவரச மரத்தடி காலியாகவே இருக்கிறது.

28 ஜனவரி

பதில் வந்துவிட்டது. சூப்பரிண்டெண்ட் பிப்ரவரி மூன்றாம் தேதி நேரில் வந்து விசாரிப்பார். நிலக்காரர் ஏழுமலைக்கு நோட்டீசு எழுதி அனுப்ப வேண்டியது. எழுதினேன். "ஏழுமலை அவர்கள் நேரில் ஆஜராகித் தமது பெயரை உறுதி செய்ய வேண்டியது." முதல் தடவையாக அந்தப் பெயரைச் சரியாக எழுதினேன்.

நம் சர்க்கார் நோட்டீசு எல்லைக்கு அப்பால் செல்லாது. நம் காவலன் உடுப்போடு அங்கே போகவும் கூடாது. ஆகவே தணிகாசலம் வேட்டி கட்டிக்கொண்டு, மாடு பிடிக்கப் போகிறவன்போல் அதை மடியில் வைத்துக்கொண்டு போனான்.

சாயங்காலம் திரும்பினான். "குடுத்துட்டேங்க" என்றான்.

"ஏழுமலை எப்படி இருக்கிறார்?"

"வூட்ல அந்த அம்மாகிட்டத்தாங்க குடுத்தேன்" என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டான்.

3 பிப்ரவரி

நடந்ததை நடந்தபடி எழுத முயல்கிறேன்.

சூப்பரிண்டெண்ட் குரியன் மலையாளத்துக்காரர், நல்லவர். வந்ததும் என் அறிக்கையை மேஜைமேல் வைத்துத் தட்டினார். "இப்படி யாரும் எழுதித் தர மாட்டார்கள், வைத்தியலிங்கம். முட்டாள்தனம் செய்தீர். ஆனால் ஒளிக்கவில்லை. உம்முடைய வேலையைப் பற்றி நான் நல்லபடி எழுதுகிறேன்." ஒளிக்கவில்லையாம். பதினைந்து நாள் ஒளித்தேன்.

பிறகு அவள் வந்தாள். வாசலில் நிழல் விழுந்தது எனக்குத் தெரிந்தது. நான் நிமிரவில்லை. வாக்குமூலம் எழுத வேண்டியவன், காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

"நீ யார்? நிலக்காரரைத்தானே வரச் சொன்னோம்?"

"அவரு சம்சாரங்க."

"சரி. உன் புருஷன் பெயர் என்ன?"

நான் பேனாவை மேலே தூக்கினேன். அவள் சொல்ல மாட்டாள், நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும் என்று வாயைத் திறந்தேன்.

"ஏழுமலைங்க" என்றாள்.

தடுமாறவில்லை. குரல் தாழவில்லை.

"எத்தனை மூட்டை?"

"ஏழு மூட்டைங்க."

"அப்படிச் சொல்ல வேண்டும்!" என்று சூப்பரிண்டெண்டுக்கு ஒரே சந்தோஷம். "இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. எழுதும், வைத்தியலிங்கம். ஏழுமலை."

பேனாவைக் கீழே வைத்தேன். நிமிர்ந்து பார்த்தேன். நெற்றியில் ஒன்றும் இல்லை. கழுத்தில் ஒன்றும் இல்லை.

"ஆனால் அவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்" என்றார் சூப்பரிண்டெண்ட். "நாளைக்கு அழைத்து வா."

"அவர் வர மாட்டார் சார்" என்றேன்.

"உமக்கு எப்படித் தெரியும்?"

"பெயரைச் சொல்லிவிட்டாள் சார்."

அவருக்குப் புரியவில்லை. தணிகாசலம்தான் அவரை வெளியே அழைத்துப்போய்ச் சொன்னான். அவர் திரும்பி வந்து, தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வேறெதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

மூட்டைகளைத் தணிகாசலமும் வண்டிக்காரனும் ஏற்றினார்கள். எலி கடித்த மூட்டையை நான் தூக்கினேன். எனக்குச் சுமை தூக்கிப் பழக்கமில்லை, தோள் எரிந்தது. வண்டிக்குப் பின்னால் மூங்கில்வரை அவளோடு நடந்தேன்.

"எப்போதம்மா?" என்றேன்.

"பொங்கலுக்கு மறுநாளு வெடிகாலைல. முந்தாநேத்துத்தான் கருமாதி முடிஞ்சு வெளிய வந்தேன்."

சரிந்த மூட்டையை வண்டிக்குள் தள்ளிவிட்டாள். பிறகு அவளாகவே சொன்னாள்.

"தப்பு என்னுதுதாங்க. மொத நாளே வாயத் தொறந்து பேரச் சொல்லியிருந்தா நெல்லு வந்திருக்கும். ஒரு வாயி சாப்பிட்டுட்டுப் போயிருப்பாரு. சொன்னா ஆயுசு கொறஞ்சிருமேன்னு சொல்லாம இருந்துட்டேன்."

தணிகாசலம் மூங்கிலைத் தூக்கினான். வண்டி போயிற்று. அவள் பின்னாலேயே போனாள். எதிர்ச் சாவடியில் சிப்பாய் ஒன்றும் கேட்காமல் தன் மூங்கிலைத் தூக்கிவிட்டான்.

தப்பு உன்னுடையது இல்லையம்மா, என்னுடையது. இதை இங்கிலீஷில் எழுதியிருக்கிறேன். சூப்பரிண்டெண்ட் படித்திருக்கிறார், தலைமை அலுவலகக் கோப்பில் இருக்கிறது. மூங்கிலிலிருந்து அவள் வண்டி திரும்பும் முனைவரை நல்ல தூரம். கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் காதில் விழுந்திருக்கும்.

சொல்லவில்லை.